உங்களுக்குத் தெரியுமா? காயலான் கடையில் காத்திருக்கும் கார் பாகங்கள்!

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி பழக்கம். மெக்கானிக் பானெட்டை மூடிவிட்டுக் கேட்பார்: ‘‘சார், புதுசு போடலாமா, கழட்டுனது போடலாமா?’’ விவரம் தெரிந்து வாங்கினால் கழற்றிய பாகம் லாபம். தெரியாமல் வாங்கினால் பணமும் போகும், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் இந்தத் தகவல்கள்.

நீங்களே கழற்றலாம்!

அமெரிக்காவில் பழைய கார் யார்டுகள் பலவற்றில் கடைக்காரர் பாகத்தை எடுத்துத் தருவதில்லை. சிறிய நுழைவுக் கட்டணம் செலுத்தி, சொந்த ஸ்பேனரோடு உள்ளே போக வேண்டும். கம்பெனி வாரியாக வரிசையில் நிற்கும் கார்களில் வேண்டியதை நீங்களே கழற்றி, வாசலில் பணம் கட்டிவிட்டு வரலாம். ‘பிக்-என்-புல்’, ‘பிக் யுவர் பார்ட்’ போன்ற நிறுவனங்கள் இப்படித்தான் நடக்கின்றன. காரை வரிசையில் நிறுத்தும் முன்பே பெட்ரோல், ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் வடித்துவிடுவார்கள். விலைப்பட்டியலும் பாகத்தின் வகையை வைத்துத்தான். பெரும்பாலும் எந்தக் காரின் கதவு என்றாலும் கதவுக்கு ஒரே விலை.

நமக்குப் புதுப்பேட்டை

சென்னையில் பழைய பாக வியாபாரத்தைப் பல தலைமுறைகளாகச் செய்துவருவது புதுப்பேட்டை. எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, கூவம் கரையை ஒட்டிய குறுகிய தெருக்களில் நூற்றுக்கணக்கான கடைகள். கதவு ஒரு கடையில், கியர்பாக்ஸ் ஒரு கடையில், ஹெட்லைட் இன்னொரு கடையில் என்று தெருவே பிரிந்து கிடக்கும். இங்கே கழற்றுவது கடையின் வேலை. பேரம் பேசுவது உங்கள் வேலை. ஆவடியில், அம்பத்தூரில் ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து புதுப்பேட்டை பக்கம்தான். மேற்குப் புறநகர் மெக்கானிக்குகள் பலருக்கு இது வழக்கமான பயணம்.

பிறந்த வீடு பாடி

புதுப்பேட்டையில் நீங்கள் வாங்கும் செல்ஃப் மோட்டார் ஒருவேளை அம்பத்தூருக்குப் பக்கத்திலேயே பிறந்ததாக இருக்கலாம். 1960-களில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. வீல்ஸ் இந்தியா சக்கரம் செய்தது. லூகாஸ் டி.வி.எஸ். செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் செய்தது. பிரேக்ஸ் இந்தியா பிரேக் செய்தது. சுந்தரம் ஃபாஸனர்ஸ் போல்ட், நட்டு செய்தது. அதே காலத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாகி, இந்தப் பெரிய ஆலைகளுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் செய்துதரும் பட்டறைகள் பெருகின. வண்டி பாகம் செய்யும் கையும் பழுது பார்க்கும் கையும் ஒரே வட்டாரத்தில் வளர்ந்த ஊர் இது.

மூடிக்கு மவுசு

சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸனர்ஸ் நிறுவனம், 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பெயர் வாங்கியது. மூடிதானே என்று நினைக்காதீர்கள். ரேடியேட்டருக்குள் சரியான அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் ஸ்பிரிங்தான். ரேடியேட்டரைக் கழற்றியதாக வாங்கினாலும் மூடியைப் புதிதாகவே போடுங்கள்.

796 சிசி குடும்பம்

1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800-க்கு இன்னும் பாகம் கிடைப்பது எப்படி? அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் குடும்பம்தான் ஆம்னியிலும் ஆல்டோவிலும் ஓடியது. அதனால் பல பாகங்கள் கைமாறிப் பொருந்தும். வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கார்புரேட்டர் காலத்து வண்டியா, எம்.பி.எஃப்.ஐ. (எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு) காலத்து வண்டியா? இரண்டும் வேறு.

எல்லோருக்கும் ஒரே டீசல்

ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா விஸ்டா, மான்ஸா, ஃபியட் புன்ட்டோ, லீனியா... இந்த டீசல் கார்களுக்குள் துடித்தது ஃபியட் வடிவமைத்த ஒரே 1248 சிசி மல்டிஜெட் இன்ஜின். ‘தேசிய டீசல் இன்ஜின்’ என்றே அதற்குச் செல்லப்பெயர். 2020-ல் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது மாருதி அதைக் கைவிட்டது. உள்பாகங்கள் பல ஒத்துப்போனாலும் மவுன்ட்டிங், வயரிங், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. ஆகியவை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ‘இன்ஜின் ஒண்ணுதான் சார்’ என்று கடைக்காரர் சொன்னால், பாகத்தின் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தபிறகே பணத்தை எடுங்கள்.

பெயர் வேறு, உடல் ஒன்று

ஒரகடம் ஆலையில் பிறந்த ரெனோ டஸ்டரும் நிசான் டெரானோவும் உடன்பிறப்புகள். பலேனோவும் டொயோட்டா கிளான்ஸாவும், ஸ்கோடா ரேபிட்டும் ஃபோக்ஸ்வாகன் வென்ட்டோவும் அப்படியே. உங்கள் காருக்குப் பாகம் கிடைக்கவில்லை என்றால் உடன்பிறப்பின் பெயரைச் சொல்லித் தேடுங்கள். எந்தக் காரின் பாகம் எதற்குப் பொருந்தும் என்று பட்டியலிட்டு, அமெரிக்காவில் ஹாலந்தர் என்பவர் 1934-லேயே புத்தகம் போட்டார். அங்குள்ள பழைய பாக வியாபாரிகள் இன்றும் அந்தப் பட்டியலின் எண்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் அந்தப் பட்டியல் அனுபவசாலி மெக்கானிக்குகளின் மனதில் இருக்கிறது.

கம்பெனி போனாலும் கார் போகாது

செவர்லே 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகர் ஆலையில் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. அம்பாசடர் 2014-லேயே விடைபெற்றது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கும் முன்பே மறைந்தது. இவற்றை ஆசையாக வைத்திருப்பவர்களுக்குக் கழற்றிய பாகங்கள்தான் பெரிய துணை. டெயில் லைட், கதவுக் கைப்பிடி, டேஷ்போர்டு பிளாஸ்டிக் போன்றவை நல்ல நிலையில் கண்ணில் பட்டால், தேவை வரும்வரை காத்திராமல் வாங்கி வையுங்கள்.

செல்ஃப் மோட்டாருக்குப் பரீட்சை

செல்ஃப் மோட்டாரை வாங்கும்போது, 12 வோல்ட் பேட்டரியில் ஜம்பர் வயர் கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பினியன் துள்ளி வெளியே வர வேண்டும்; சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். கார்பன் பிரஷ், புஷ் தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். ஆர்மேச்சர் எரிந்திருந்தால் வேண்டாம், கருகிய வாடையே காட்டிக்கொடுத்துவிடும். ஆல்டர்னேட்டரை வண்டியில் மாட்டியபின், இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். மாட்டிப் பார்த்துச் சரியில்லை என்றால் திருப்பித் தரலாமா என்பதை முதலிலேயே பேசி, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காந்தம் சொல்லும் உண்மை

கதவோ ஃபெண்டரோ வாங்கப் போகிறீர்களா? சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். தகட்டில் நன்றாக ஒட்டும் காந்தம், பட்டி பூசிய இடத்தில் வழுக்கும். உங்கள் கார் நிறத்திலேயே கதவு கிடைத்தால் பெயின்ட் செலவு முழுவதும் மிச்சம். கதவின் அடிவிளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். துரு அங்கேதான் தொடங்கும்.

ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்

கழற்றிய இன்ஜின் வாங்கும்போது ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் குழம்பு படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு உண்டு. கியர்பாக்ஸ் என்றால் ஆயிலைக் கொஞ்சம் வடித்து, விரலில் தேய்த்துப் பாருங்கள். பளபளக்கும் உலோகத் துகள் அளவுக்கு மீறி வந்தால் உள்ளே பல் தேய்கிறது என்று பொருள்.

எந்த விலைக்கும் வேண்டாம்!

சிலவற்றைச் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

ஏர்பேக்: உள்ளே இருப்பது வெடித்து வாயுவை உண்டாக்கும் ரசாயனம். ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதைக் கெடுக்கும். தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் அப்படிக் கெட்டு, வெடிக்கும்போது உலோகச் சிதறலை முகத்தில் அடித்ததால்தான் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

சீட் பெல்ட்: ஒரு விபத்தில் இழுபட்ட பெல்ட் அடுத்த விபத்தில் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது.

பிரேக் பேட், பிரேக் ஹோஸ், டைமிங் பெல்ட்: இவை தேய்ந்து தீர்வதற்கென்றே செய்யப்பட்டவை. டைமிங் பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு வளைந்து, மொத்த இன்ஜினும் கைக்கு வந்துவிடும்.

நான்கு இலக்கம், ஒரு ஜாதகம்

அம்பத்தூரில் ‘டன்லப்’ என்றால் இன்றும் பஸ் ஸ்டாப்பின் பெயர். 1950-களின் இறுதியில் அங்கே வந்த டயர் தொழிற்சாலையின் நினைவு அது. பழைய டயரோ ஸ்டெப்னியோ வாங்குபவர்கள் அதன் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் ஆழமாகத் தெரிந்தாலும் வயதான ரப்பர் வயதான ரப்பர்தான். காருக்குப் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி.

வெள்ளத்தில் நின்ற கார்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் 2023-ல் தத்தளித்தது. அப்படி மூழ்கிய வண்டிகளின் கதவும் பம்பரும் நன்றாகவே இருக்கும். ஈ.சி.யூ., சென்சார், வயரிங் ஆகியவற்றை மட்டும் தொடாதீர்கள். உள்ளே பச்சை பூத்து, மாதங்கள் கழித்து மக்கர் செய்யும். கனெக்டரைப் பிரித்து முனைகளைப் பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துருவும், சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் சேற்றுக் கறையும் தெரிந்தால் அது வெள்ளம் பார்த்த வண்டி.

75 சதவீதக் கோடு

நல்ல கார்கள்கூட ஏன் உடைக்க வருகின்றன? பழுது பார்க்கும் செலவு, இன்ஷூரன்ஸில் வண்டிக்குக் குறித்த மதிப்பான ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்த வண்டியை முழுச் சேதமாகக் கணக்கிடுவார்கள். முன்பக்கம் நொறுங்கிய காரின் பின்கதவும் ஆக்சிலும் புத்தம் புதிதாக இருப்பது இப்படித்தான். இன்னொரு கணக்கும் உண்டு: சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு எப்போதும் 50 சதவீதமும், பத்து வருஷம் தாண்டிய காரின் உலோக பாகங்களுக்கு 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிப்பார்கள். மீதியை உங்கள் கையிலிருந்துதான் போட வேண்டும்.

சாவி இல்லாத மூளை

இம்மொபிலைசர் உள்ள கார்களில் ஈ.சி.யூ.வும் சாவியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். கழற்றிய ஈ.சி.யூ.வை மட்டும் வாங்கி மாட்டினால் இன்ஜின் அசையாது. ஈ.சி.யூ., இம்மொபிலைசர், சாவி மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாக வாங்குங்கள். இல்லையென்றால் கோடிங் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் கேளுங்கள்.

17 எழுத்து அடையாளம்

காரின் சேஸிஸ் எண்ணில் 17 எழுத்தும் எண்ணும் இருக்கும். எம்.ஏ.3 என்று தொடங்கினால் மாருதி சுஸுகி; எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய், எம்.ஏ.ஜே. என்றால் ஃபோர்டு. ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகள் அதில் வரவே வராது. ஒன்று, பூஜ்யத்தோடு குழப்பம் வரக் கூடாது என்பதற்காகவே அவற்றை விலக்கிவைத்தார்கள். அந்த எழுத்து கண்ணில் பட்டாலோ, எண்ணைச் சுற்றி ராவிய தடம் இருந்தாலோ கடையை விட்டு நகருங்கள்.

திருட்டுப் பொருளுக்கு மூன்று ஆண்டு

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. மீரட் நகரின் சோத்திகஞ்ச் சந்தை, திருட்டு வண்டிகளை உடைத்த குற்றச்சாட்டில் 2021 டிசம்பரில் போலீஸாரால் மூடப்பட்டது. நேர்மையான வியாபாரிகளும் அதில் பாதிக்கப்பட்டார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில், ஒரு வண்டி திருடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பொதுமக்களே பார்க்கலாம்.

இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ.

இன்ஜினையே மாற்றுகிறீர்களா? அனுமதி பெறாமல் மாற்றியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். அம்பத்தூருக்கு டி.என். 13, பூந்தமல்லிக்கு டி.என். 12. ஆர்.சி. புக்கில் புதிய இன்ஜின் எண் ஏறாவிட்டால், விற்கும்போதும் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல்தான். அதனால் இன்ஜினோடு அதன் பழைய வண்டியின் ஆவணங்களையும் பில்லையும் சேர்த்தே வாங்குங்கள்.

உங்கள் காரை உடைக்கக் கொடுக்கும்போது...

2021 செப்டம்பரில் வந்த விதிகளின்படி, வண்டியைச் சட்டப்படி உடைக்கும் உரிமை அரசிடம் பதிவு பெற்ற நிலையங்களுக்குத்தான் உண்டு. வண்டியை ஒப்படைத்ததும் ‘வைப்புச் சான்றிதழ்’ தருவார்கள். அதைக் காட்டிப் புதிய சொந்தக் காருக்கு 25 சதவீதம் வரை வரிச் சலுகை தர மத்திய விதிகள் இடம் தருகின்றன. சேஸிஸ் எண் உள்ள துண்டை வெட்டி எடுத்து ஆறு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டியதும் அந்த நிலையத்தின் கடமை. உங்கள் எண்ணில் வேறொரு வண்டி ஓடாமல் தடுக்க அந்தத் துண்டுதான் காவல்.

அரசு வண்டிக்கு 15 வயது

2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களுக்குப் பதிவைப் புதுப்பிப்பதில்லை. அவை பதிவு பெற்ற நிலையத்தில் உடைபட வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்புப் பணிகளுக்கான கவச வாகனம் உள்ளிட்ட சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு.

புகைக்குழாயில் பிளாட்டினம்

1995 ஏப்ரலில் ஈயமில்லாத பெட்ரோலோடு, புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமான நான்கு மாநகரங்களில் சென்னையும் ஒன்று. அதற்குள் இருப்பவை பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். பழைய காரில் விலையுயர்ந்த சரக்கு இதுதான். உடைக்கக் கொடுக்கும்போது இதற்கெனத் தனி விலை கேளுங்கள்.

வயரை எரிக்காதீர்கள்

தாமிரத்துக்காக வயரிங்கைக் கொளுத்தும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பி.வி.சி. எரியும் புகையில் டையாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. முதலில் அதைச் சுவாசிப்பது அங்கே வேலை செய்யும் தொழிலாளிதான். ஏ.சி. வாயுவைக் காற்றில் திறந்துவிடுவதும் தவறு. கார்களில் பரவலாக உள்ள ஆர்-134ஏ வாயு, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கக் கூடியது.

மாயாபுரி தந்த பாடம்

2010-ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு, டெல்லி பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய ஆய்வுக் கருவி ஒன்று வந்தது. அதற்குள் இருந்தது கதிரியக்கக் கோபால்ட்-60. தெரியாமல் பிரித்தவர்களில் ஒருவர் உயிரிழந்தார். பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். என்னவென்று தெரியாத பொருளை உடைக்கச் சொல்லி எந்தத் தொழிலாளியையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை நாடு அப்போது கற்றுக்கொண்டது.

கொழும்பில் பஞ்சிகாவத்தை, மலேசியாவில் ‘ஹாஃப் கட்’

கொழும்பு மருதானைக்குப் பக்கத்திலுள்ள பஞ்சிகாவத்தை, இலங்கையின் புதுப்பேட்டை. 2020-ல் அந்த நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, இருக்கிற வண்டிகளை ஓட வைத்ததில் பழைய பாகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜப்பான் காரை இரண்டாக வெட்டி, இன்ஜின் உள்ள முன்பாதியை அப்படியே இறக்குவது மலேசியாவில் பிரபலமான ‘ஹாஃப் கட்’ வியாபாரம். மலேசியாவைப் போலவே ஜப்பானும் சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் ஸ்டீயரிங்கும் ஹெட்லைட்டும் பொருந்துகின்றன.

செய்தவரே பொறுப்பு

ஜப்பானில் 2005 முதல், கார் வாங்கும்போதே அதன் மறுசுழற்சிக் கட்டணத்தையும் கட்டிவிட வேண்டும். ஐரோப்பாவில் ஒரு காரின் எடையில் 95 சதவீதம் ஏதோ ஒரு வகையில் மீண்டும் பயன்பட வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். இந்தியாவிலும் 2025 ஏப்ரல் 1 முதல், ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான சுற்றுச்சூழல் விதிகள் அமலில் உள்ளன. காரைச் செய்த கம்பெனிக்கே அதன் மறுசுழற்சியில் பொறுப்பு வந்துவிட்டது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பாகம் செய்யவும் பழுது பார்க்கவும் தெரிந்த கைகள் அம்பத்தூரிலும் பாடியிலும் ஆவடியிலும் நிறைந்திருக்கின்றன. ஆயிலை மண்ணில் விடாத, சேஸிஸ் எண்ணை மறைக்காத, பில் தரும் யார்டு ஒன்று இந்தப் பக்கத்தில் அமைந்தால் கார் வைத்திருப்பவருக்கும் தொழிலாளிக்கும் நன்மை. அரசும் தொழில் அமைப்புகளும் அதை முன்னெடுக்க வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பவை மூன்று: கழற்றிய பாகத்துக்குப் பில் கேளுங்கள், உயிரைக் காக்கும் பாகங்களைப் புதிதாகவே வாங்குங்கள், உங்கள் காரை உடைக்கக் கொடுத்தால் ஆர்.சி.யை ரத்து செய்த சான்றை வாங்காமல் விடாதீர்கள்.